வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடியில் ஒரு தூங்குமூஞ்சி அடிக்கட்டை: நிகழ்வு ஆய்வு

இடம் சென்னை வேளச்சேரிப் பக்கத்துக் களிமண் நிலம். வீடு 1980களில் கட்டியது, கருங்கல் அஸ்திவாரம். பக்கவாட்டில் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே எட்டடி இடைவெளி. அதில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டியவர்களின் ஒப்பந்தம் வழக்கமானதுதான்: மரத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள், கூலியில் கழித்துக்கொள்வார்கள். அப்படிப் பேசினால் காசாகும் தண்டும் கிளையும் லாரியில் போகும், காசாகாத அடிக்கட்டை வீட்டுக்காரருக்கு மிஞ்சும். இங்கும் அதுதான் நடந்தது.

மிஞ்சியது தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரம். வெட்டுமுகம் குறுக்கே மூன்றேகால் அடி. தரைமட்டத்தில் வேர்ப் புடைப்புகளோடு சேர்த்து நாலரை அடி. அதன் விளிம்பிலிருந்து வீட்டுச் சுவர் மூன்றடி, காம்பவுண்டு சுவர் அரை அடி. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஐந்தடி தள்ளி அடுத்த வீடு. ஒரு வேர் காம்பவுண்டு சுவரின் அடியில் புகுந்து, சுவரை இரண்டு அங்குலம் தூக்கி, பக்கத்து வீட்டுப் பக்கமாகச் சாய்த்திருந்தது. முன்பக்கம் மாடிப்படி இறங்குவதால் உள்ளே போகும் வழி மூன்றடிதான்.

கட்டையின் எடையைக் கணக்கிடுவது கடினமில்லை. தரைக்கு மேல் சுமார் 15 கன அடி, கீழே இரண்டடி ஆழம்வரை வேர்முடிச்சு சுமார் 25 கன அடி. பச்சைத் தூங்குமூஞ்சிக் கட்டை கன அடிக்கு 23 முதல் 25 கிலோ என்று வைத்தால் மொத்தம் ஒரு டன். ஆனால் வேலையைத் தீர்மானிப்பது இந்த எடை இல்லை. வேர் மண்ணைப் பிடித்திருக்கும் பிடிதான் தீர்மானிக்கிறது, அதை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

எவ்வளவு எடுக்க வேண்டும்?

‘வேரோடு எடுத்துவிடுங்கள்’ என்பதுதான் எல்லா வீட்டுக்காரரும் சொல்லும் முதல் வாக்கியம். வீட்டை ஒட்டிய கட்டையில் அது தவறான இலக்கு. தூங்குமூஞ்சியின் பக்கவேர்கள் மேலாகவே நெடுந்தூரம் ஓடும். இங்கே இரண்டு வேர்கள் வீட்டை நோக்கியே போயிருந்தன. அவற்றைப் பிடித்து இழுத்தால் அஸ்திவாரத்துக்குப் பக்கத்து மண் கலையும், கல் இடுக்கில் வேர் நுழைந்திருந்தால் கல்லும் நகரும். வேரை அறுத்து அங்கேயே விட்டுவிட்டால் அது மெல்ல மக்கும், அவ்வளவுதான். அதனால் முதல் கேள்வி, அந்த இடத்தில் அடுத்து என்ன வரப்போகிறது என்பது. இங்கே பேவர் பிளாக் தளமும், அதன் கீழே ஒரு கழிவுநீர்க் குழாயும். குழாய்க்கு இரண்டடி ஆழம் போதும். எனவே வேர்முடிச்சை இரண்டடி ஆழம்வரை எடுப்பது, அதற்குக் கீழே செங்குத்தாக இறங்கும் வேர்களை விட்டுவிடுவது, வீட்டுப் பக்க வேர்களைக் கட்டையை ஒட்டி அறுத்து நிறுத்துவது என்று முடிவானது.

கட்டை அகன்ற பிறகு அறுந்த வேரிலிருந்து துளிர் வருமா என்பது மரத்தைப் பொறுத்தது. தூங்குமூஞ்சி அடிக்கட்டையில்தான் துளிர்க்கும். வேர்முடிச்சு போய்விட்டால் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. வேம்பு அப்படியில்லை, காயம்பட்ட வேரிலிருந்தும் கன்று விடும். அரசும் ஆலும் சுவர் இடுக்கில் ஒரு துண்டு இருந்தாலே போதும் என்பது பழைய வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த மரங்களானால் வேலையின் எல்லையைக் கொஞ்சம் அகலமாகப் போட வேண்டும்.

தள்ளிவைத்த வழிகள்

பெருங்காயம், கல்லுப்பு, ஆசிட், மயில்துத்தம் என்று அக்கம்பக்கத்தில் யோசனைக்குக் குறைவில்லை. ஓட்டை போட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுவிடும் என்று நம்பும் ஊர் இது. பட்டுப்போனாலும் ஒரு டன் கட்டை ஒரு டன் கட்டையாகத்தான் இருக்கும். உப்பு மண்ணில் இறங்கினால் கிணற்று நீரையும் பக்கத்துச் செடியையும் கெடுக்கும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மயில்துத்தம் வைப்பது இன்னும் வேடிக்கை: அது பூஞ்சணக் கொல்லி, கட்டையை மக்க வைக்கப்போகும் பூஞ்சணத்தையே கொல்லும்.

கரியும் மண்ணெண்ணெயும் போட்டு எரிப்பது வெட்டவெளியில் செய்கிற வேலை. தீ வெளியே அணைந்த பிறகும் வேர் வழியே மண்ணுக்குள் நாள்கணக்கில் கனன்றுகொண்டு போகும். இந்த இடத்தில் வேருக்குப் பக்கத்தில் குழாயும் மோட்டார் கேபிளும் இருந்தன. இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

மக்கவிடுவதை மட்டும் சும்மா ஒதுக்க முடியாது. அந்த இடம் உடனே தேவையில்லை என்றால், மலிவும் பாதுகாப்பும் அதில்தான். கட்டையின் முகத்தில் ஒரு அங்குலத் துரப்பணத்தால் எட்டு முதல் பத்து அங்குல ஆழத்துக்குத் துளைகள், ஐந்து அங்குல இடைவெளியில் போட வேண்டும். துளைக்கு ஒரு கைப்பிடி யூரியா, மேலே சாணிக்கரைசல். பிறகு மண்ணும் ஈரச் சாக்கும் போட்டு மூடி, கோடையில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். மரத்தில் கார்பன் மிகுதி, நைட்ரஜன் பஞ்சம், அந்தப் பஞ்சத்தைத் தீர்த்தால் பூஞ்சணம் வேகமாக வேலை செய்யும். வேகம் என்றாலும் இந்தப் பருமனுக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை ஈரமான மரம் சுவரிலிருந்து மூன்றடியில் கிடந்தால் கரையானுக்குப் படி போட்டுக் கொடுத்தது போல. இங்கே அதனால்தான் கைவிட்டார்கள்.

யந்திரங்களில் ஜேசிபி வழியிலேயே நின்றுவிட்டது. அதன் அகலம் ஏழடிக்கு மேல். வழக்கமான மினி எக்ஸ்கவேட்டரும் மூன்றடி வழியில் நுழையாது. அடிக்கட்டையைச் சீவும் கிரைண்டர் வாடகைக்கு எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம்தான் கீழே போகும், இங்கே வேண்டியது இரண்டடி. ஆகவே ஆள், கடப்பாரை, சங்கிலி ரம்பம், செயின் பிளாக் (சங்கிலியைக் கையால் இழுத்துப் பாரம் தூக்கும் கருவி).

தொடங்குவதற்கு முன்

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். டிசம்பரில் இந்தப் பகுதியில் இரண்டடி தோண்டினாலே குழியில் நீர் ஊறும். மே மாதத்துக் களிமண்ணோ கடப்பாரையைத் திருப்பி அனுப்பும். பிப்ரவரியில் மண் ஈரமாகவும் குழி உலர்ந்தும் இருக்கும். வேலை அப்போதுதான் வைக்கப்பட்டது.

இரு வீட்டுச் சுவர்களிலும் இருந்த விரிசல்களை இரு வீட்டாரும் சேர்ந்து பார்த்து, ஒவ்வொன்றின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இதைத் தவிர்த்தால் பிறகு வரும் சண்டையில் எது பழைய விரிசல், எது புதியது என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டையிலிருந்து தள்ளி, சுவரை ஒட்டி, இரண்டடிக்கு இரண்டடி சோதனைக் குழி ஒன்று போட்டதில் அஸ்திவாரத்தின் அடி நாலடியில் தெரிந்தது. அஸ்திவாரத்தின் அடிவிளிம்பிலிருந்து வெளிப்புறமாக 45 டிகிரியில் கீழே இறங்கும் கோட்டை மனத்தில் வரைந்துகொண்டு, அதற்குக் கீழே எந்தக் குழியும் போகக்கூடாது. இங்கே தோண்டப்போவது அதிகம் போனால் இரண்டரை அடி, அஸ்திவார மட்டத்துக்கு ஒன்றரை அடி மேலேயே நின்றுவிடும். அஸ்திவாரம் இரண்டடியில் முடிந்திருந்தால் இதே வேலையைத் துண்டு துண்டாக, மூன்றடி நீளம் தோண்டி நிரப்பிவிட்டுத்தான் அடுத்த துண்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

தரைக்கு அடியில் இருந்தவை: சுவரிலிருந்து இரண்டடியில், கழிப்பறையிலிருந்து முன்பக்கச் சேம்பர் (கழிவுநீர்த் தொட்டிக்குழி) வரை நாலு அங்குல ஸ்டோன்வேர் (சுட்ட மண்) குழாய், காம்பவுண்டு ஓரமாக ஓரடி ஆழத்தில் பிவிசி குழாய்க்குள் போர்வெல் மோட்டார் கேபிள், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் எர்த் குழி. மின்சாரம் மேலே கம்பத்திலிருந்து வந்ததால் அந்தக் கவலை இல்லை. மோட்டார் கேபிளை இரு முனையிலும் கழற்றி உருவி எடுத்துவிட்டார்கள். எங்கே இருக்கிறது என்று சுண்ணாம்புக் கோடு போட்டு வைப்பதைவிட எடுத்தே விடுவது மேல். கடப்பாரைக்குக் கோடு தெரியாது.

காம்பவுண்டு சுவர்

எல்லோரும் வீட்டைப் பார்க்க, ஆபத்து காம்பவுண்டில் இருந்தது. நாலரை அங்குலச் செங்கல் சுவர், ஐந்தடி உயரம், எட்டடிக்கு ஒரு தூண், அஸ்திவாரம் ஒன்றரை அடி. அந்த எட்டடிச் சுவரின் பாரம் வேரின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. வேரை அறுத்து எடுத்தால் சுவர் இரண்டு அங்குலம் இறங்கும், இறங்கும்போது ஏற்கெனவே சாய்ந்த பக்கத்தில் விழும். முட்டுக் கொடுத்து ஒப்பேற்றலாம் என்றார் மேஸ்திரி. ஆனால் குழிக்குள் ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் முட்டுக்கொடுப்பை நம்புவது சரியில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதத்தோடு இரு தூண்களுக்கு நடுவே இருந்த சுவரை மேலிருந்து வரிசை வரிசையாகப் பிரித்தார்கள். செங்கல் பாதிக்கு மேல் திரும்பப் பயன்பட்டது. குழிக்குப் பக்கத்தில் வேலை செய்ய அந்த எட்டடித் திறப்பும் கிடைத்தது. இது எதிர்பாராத லாபம்.

அறுப்பு

பெரிய அடிக்கட்டையை உயரமாக விட்டு, அதையே நெம்புகோலாக வைத்துச் சாய்த்துப் பிடுங்கு என்று சொல்வார்கள். சாய்க்க இடம் இருந்தால் அது நல்ல யோசனை. எட்டடிச் சந்தில் கட்டை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு சுவரின் மேல்தான் சாயும். அதனால் இங்கே மேலிருந்து கீழே குறைத்துக்கொண்டே வரும் முறை.

ரம்பம் வைக்கும் முன் இரும்பு தேட வேண்டும். வீட்டு ஓரத்து மரத்தில் துணிக்கொடிக் கம்பி, ஆணி, கொக்கி என்று முப்பது ஆண்டுகளாக அடித்ததெல்லாம் பட்டைக்குள் விழுங்கப்பட்டிருக்கும். வெட்டுமுகத்தில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று பொருள்: மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்த நிறம் அது. அந்த இடத்தை உளியால் குடைந்து இரும்பை எடுத்த பிறகே ரம்பம். ஓடும் சங்கிலி ஆணியில் பட்டால் பல் போகும்; சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் நுனி பட்டால் ரம்பமே ஆளை நோக்கி எகிறும். முகக்கவசம், காதடைப்பு, தொடைக் கவசம் இல்லாமல் இந்த வேலைக்கு ஆள் இறங்கக்கூடாது. இரு பக்க ஜன்னல்களுக்கும் ப்ளைவுட் பலகை கட்டியாயிற்று.

தூங்குமூஞ்சியின் நார் ஒன்றோடொன்று பின்னிய நார். புளிய விறகு பிளப்பவர்கூட இதில் ஆப்பு அடித்தால் ஆப்பு மாட்டிக்கொள்ளும், கட்டை பிளக்காது. பதினெட்டு அங்குலப் பட்டை கொண்ட ரம்பத்தால் நாலரை அடியை இரு பக்கமிருந்தும் அறுத்தாலும் நடுவில் எட்டாது. எனவே கட்டம் கட்டமாக: மேல்முகத்தில் ஆறு அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓரடி ஆழ வெட்டுகள். பிறகு ஓரத்திலிருந்து கிடைமட்டமாக ஒரு வெட்டு. ஒரு வரிசைத் துண்டுகள் சம்மட்டி தட்டலில் கழன்று வரும். அந்த வரிசை போன பிறகு அடுத்த வரிசைக்குப் பட்டை எட்டும். இப்படித் தரைமட்டம்வரை வந்ததும் ரம்பத்துக்கு ஓய்வு.

அடுத்து மண். கட்டையைச் சுற்றி இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழம். வீட்டுப் பக்கம் மட்டும் அகலம் ஓரடிக்கு மேல் போகவில்லை, குழாய் அங்கே. வேர் தெரிந்ததும் தண்ணீரைப் பீய்ச்சி ஒட்டிய மண்ணைக் கழுவினார்கள். இதற்குச் சோம்பல்படுபவர்கள் சங்கிலியைத் தீட்டியே நாளைக் கழிப்பார்கள்: மண் ஒட்டிய வேரில் ரம்பம் வைத்தால் ஒரு நிமிடத்தில் மழுங்கும். தண்ணீர் அளவோடு; கழுவிய நீரை உடனே மோட்டாரால் வெளியேற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் சுவரோரக் களிமண் குடித்துவிடும்.

வேர்களை அறுத்த வரிசையில் வீட்டுப் பக்கம் முதலில். கட்டை நகரத் தொடங்கும் முன்பே அதற்கும் வீட்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வேரையும் இரண்டு இடத்தில் அறுத்து, நடுவே ஓரடித் துண்டை எடுத்துவிட வேண்டும். ஒரே வெட்டு போதாது. இறுக்கத்தில் இருக்கும் வேர் வெட்டை மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த வேருக்குக் கோடாரியும், முன்னும் பின்னும் ஓடும் கை மின் ரம்பமும் போதும்.

குழாய் உடைந்தது

வீட்டுப் பக்கத்து இரண்டாவது வேரை அறுத்ததும் குழியில் கழிவுநீர் வந்தது. பழைய ஸ்டோன்வேர் குழாய் இரண்டடித் துண்டுகளாகப் போட்டு, மூட்டில் சிமெண்டுக் கலவை பூசியது. கலவை விரிசல் விட்ட இடத்தில் ஈரம் தேடி வேர் நுழைந்து, உள்ளே பஞ்சு போல் அடைத்து, வெளியே குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. குழாய் உடைந்து பல காலம் ஆகியிருக்கும். வேர்தான் அதைத் தாங்கி நிறுத்தியிருந்தது. வேர் அறுந்ததும் இரண்டு துண்டு உள்ளே இறங்கின.

இதில் பிழை வெட்டியதில் இல்லை, முன்சோதனையில். மேல் சேம்பரில் ஒரு வாளி நீர் ஊற்றி, கீழ்ச் சேம்பருக்கு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வருகிறது என்று பார்த்திருந்தால் போதும். பழைய ஸ்டோன்வேர் லைன் பெரிய மரத்துக்கு ஆறடிக்குள் போனால் அது கெட்டுவிட்டது என்றே வைத்துக்கொண்டு, 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயும் அதை ஒட்டும் சால்வன்டும் வேலை தொடங்கும் நாளிலேயே கையில் இருக்க வேண்டும். இங்கே ஒன்றரை நாள் கழிப்பறை இல்லாமல் வீடு திண்டாடியது.

உடைந்த இடத்தில் மட்டும் துண்டு ஒட்டாமல், சேம்பரிலிருந்து சேம்பர் வரை இருபதடியும் புதிதாகப் போட்டார்கள். சரிவு நாற்பதுக்கு ஒன்று, அதாவது இருபதடியில் ஆறு அங்குல இறக்கம். குழாயின் கீழும் பக்கத்திலும் மணல் மெத்தை. ஆனால் களிமண்ணில் மணல் நிரப்பிய பள்ளம் நீர் ஓடும் வாய்க்கால் ஆகிவிடும் என்பதால், ஐந்தடிக்கு ஓரிடத்தில் ஓரடி நீளத்துக்கு மணலுக்குப் பதில் களிமண்ணை இடித்து அடைப்பு வைத்தாயிற்று.

தூக்குதல்

சுற்றி வேர் அறுந்தபின் மிஞ்சியது வேர்முடிச்சும் கீழே இறங்கும் சில வேர்களும். முடிச்சை நாலு துண்டாக்கியது சரியான முடிவு. இருபத்து நாலு அங்குலப் பட்டை கொண்ட ரம்பத்தால் சிலுவையாக அறுத்து, நடுவில் எட்டாத இடத்தைத் துரப்பணத்தால் வரிசைத் துளை போட்டு முறித்தார்கள். ஒவ்வொரு துண்டும் 120 முதல் 150 கிலோ. இரும்பு முக்காலி, ஒரு டன் செயின் பிளாக். முக்காலியின் கால்கள் குழி விளிம்பிலிருந்து ஓரடியாவது தள்ளி, கீழே பலகை வைத்து, மூன்று காலும் விரியாமல் சங்கிலியால் கட்டி. செயின் பிளாக்கை வீட்டுத் தூணிலோ மாடிப்படியிலோ கட்டி இழுப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். தூண் மேலிருந்து வரும் பாரத்துக்காகக் கட்டியது, பக்கவாட்டு இழுப்புக்கு இல்லை.

துண்டு அசையாவிட்டால் சங்கிலியை மேலும் இழுக்கக்கூடாது. எங்கோ ஒரு வேர் பிடித்திருக்கிறது. இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, துண்டின் கீழே கட்டைகளை அடுக்கி நிறுத்தி, பிறகே அந்த வேரைத் தேட வேண்டும். தொங்கும் துண்டின் கீழே கையோ காலோ போகவே கூடாது. இங்கே கடைசித் துண்டு அப்படித்தான் மாட்டியது. அடியில் ஐந்து அங்குலக் கனத்தில் ஒரு செங்குத்து வேர். பக்கவாட்டில் கை ரம்பத்தை நுழைத்து அறுத்து, அடிப்பகுதியை மண்ணிலேயே விட்டார்கள்.

குழியை நிரப்புவது

கட்டை வெளியே வந்ததும் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். பாதி வீடுகளில் தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது: ஒரு லோடு மணல் கொட்டி மூடிவிடுவார்கள். களிமண் நிலத்தில் மணல் நிரப்பிய குழி ஒரு தொட்டி. மழைநீர் அதில் இறங்கித் தேங்கும், வெளியேற வழியில்லை, சுற்றியுள்ள களிமண்ணை ஊறவைத்து வீங்கச் செய்யும். மூன்றடியில் அஸ்திவாரம்.

இங்கே தோண்டிய களிமண்ணையே கிராவலோடு கலந்து, ஆறு அங்குல அடுக்குகளாகப் போட்டு, கையில் பிடித்தால் உருண்டையாகும் அளவு ஈரத்தில் ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இடித்தார்கள். மரத்தூளும் சில்லும் ஒரு கூடைகூட உள்ளே போகவில்லை. அவை மக்கினால் தளம் உள்வாங்கும், கரையானும் வரும். கரையானுக்கு எதிரான மருந்தை, ஐ.எஸ். 6313 தரநிலையின்படி வேலை செய்பவர்களைக் கொண்டு, வீட்டுச் சுவரோரம் செலுத்தியது இந்தக் கட்டத்தில்தான், தளம் போடும் முன். எடுத்த மரத்தின் இடத்தை நிரப்ப 25 கன அடி இறுகிய மண் வேண்டும். தளர்வாக வாங்கும்போது 33 கன அடி, அதாவது நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. முழு யூனிட் வாங்கினால் மிச்சம் தெருவில் கிடக்கும்.

காம்பவுண்டு சுவரை இரு தூண்களுக்கு நடுவே தொங்கும் பீமின் மேல் திரும்பக் கட்டினார்கள். ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம், 1:1½:3 (சிமெண்டு, மணல், ஜல்லி) கான்கிரீட், கீழே இரண்டு மேலே இரண்டு 10 மில்லிமீட்டர் கம்பி, ஆறு அங்குலத்துக்கு ஒரு 8 மில்லிமீட்டர் வளையம். பீமின் அடிக்கும் மண்ணுக்கும் மூன்று அங்குல இடைவெளி: மண் வீங்கினாலும், கீழே விட்ட வேர் மக்கி மண் இறங்கினாலும் சுவருக்குத் தெரியாது.

பேவர் பிளாக் தளத்தை உடனே போடவில்லை. மண் இரண்டு அங்குலம் மேடாக, சுவரிலிருந்து வெளியே சரிவாக, ஒரு பருவமழை கழியும்வரை விட்டிருக்கிறார்கள்.

இதற்குப் பின் பார்க்க வேண்டியது வீட்டை. பெரிய மரம் நாள்தோறும் களிமண்ணிலிருந்து உறிஞ்சிய நீர் இனி மண்ணிலேயே நிற்கும். வறண்டு சுருங்கியிருந்த களிமண் மெல்ல வீங்கும், அஸ்திவாரத்தைக் கீழிருந்து தூக்கும். மரம் வீட்டைவிட மூத்தது என்றால் இந்த ஆபத்து அதிகம், ஏனெனில் வீடு வறண்ட மண்ணின் மேல் கட்டப்பட்டிருக்கும். இங்கே வீட்டுக்குப் பிறகு நட்ட மரம், ஆகவே மண் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூடிக்கொண்ட ஒன்றிரண்டு பழைய விரிசல்களைக்கூடப் பார்க்க நேரலாம். இரண்டு பருவமழை முடியும்வரை விரிசல்களைச் சிமெண்டால் அடைக்க வேண்டாம். பென்சில் கோட்டைத் தாண்டி நீண்டாலோ, கதவும் ஜன்னலும் சட்டத்தில் இடிக்கத் தொடங்கினாலோ, அப்போது பார்க்க வேண்டியவர் பெயிண்டர் இல்லை, கட்டுமானப் பொறியாளர்.